மேடையிலிருந்து ஆறாம் தரத்துக்கு

மலையகத்தில் கர்நாடக சங்கீதக் கச்சேரி பாடி மட்டுமே அடுப்பெரித்த ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. நன்றாகப் பாடுகிறவர்கள் கண்டியில் இருக்கிறார்கள், மாத்தளையில் இருக்கிறார்கள், பதுளையிலும் இருக்கிறார்கள். எல்லாருக்கும் வேறெங்கிருந்தோ ஒரு சம்பளம் வருகிறது. பாட்டு அதன் தயவில் நடக்கிறது. எனக்கும் அப்படித்தான். ஆனாலும் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், என்னைப் பழைய மேடைகளில் பார்த்த யாராவது ஒருவர் "ஏன் டீச்சர் பாடுவதை விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார். துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்கிறார்.

நான் எதையும் விடவில்லை. வேறொரு தொழிலுக்கு மாறினேன். பாடுவதும் பாடச் சொல்லிக்கொடுப்பதும் ஒரே தொழிலின் மேல்படியும் கீழ்ப்படியும் என்று நினைக்கிறவர்களுக்கு இதை நின்ற நிலையில் விளக்க முடிவதில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மேடைக் கணக்கு. அட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு கோயில் திருவிழாவுக்குப் பாட அழைத்தால் வயலினுக்கும் மிருதங்கத்துக்கும் கண்டியிலிருந்தோ கொழும்பிலிருந்தோ ஆள் வரவழைக்க வேண்டும். வான் வண்டிக் கூலி, இரவு தங்க இடம், சாப்பாடு, அவர்களுக்கான சன்மானம் எல்லாம் போக எனக்கு மிஞ்சுவது பெரும்பாலும் ஒரு மாலையும் அருச்சனைத் தட்டும். இரவு பத்து மணிக்குச் சினிமாப் பாட்டு இசைக்குழு மேடையேறும். அதற்கு முன்னால் ஒலிபெருக்கி ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க யாராவது பாட வேண்டும் அல்லவா, அந்த யாராவது நாங்கள்தான். தோடி ராகத்தை மெல்ல விரித்துக்கொண்டிருக்கும்போது நிர்வாக சபையில் ஒருவர் மேடையோரம் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். அவர்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. நாள் முழுவதும் மலையேறிக் கொழுந்து பறித்த சனம் திருவிழா இரவில் ஆடப் பார்க்குமா, ஆலாபனை கேட்குமா?

குளிர் வேறு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அட்டன் அதைவிடத் தாழ்வு என்றாலும் ஈரத்தில் சளைத்ததில்லை. மிருதங்கத்தின் தோல் அந்த ஈரத்தைக் குடித்துவிட்டுச் சுருதி இறங்கும். கொழும்பிலிருந்து வந்த மிருதங்கக்காரர் ஒருவர் எவ்வளவு தட்டியும் வலந்தலையின் (வலப்பக்கத் தோலின்) சுருதி ஏறாமல் தவித்தபோது, கோயிலில் தப்பு என்கிற பறையை அடிக்கிறவர் ஒருவர் எழுந்துபோய்த் தன் தப்பைக் காய்ச்சுகிற நெருப்பின் பக்கத்திலேயே மிருதங்கத்தையும் கொஞ்ச நேரம் வைத்துக் கொடுத்தார். வித்துவான் முகம் சுளித்தார். ஆனால் சுருதி சேர்ந்தது.

நான் பிறந்தது தலவாக்கலைக்கும் லிந்துலைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில். அப்பாவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை, அம்மா கொழுந்து பறித்தார். 10க்கு 12 அடிக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பின்னாளில் அதிகாலைச் சாதகம் செய்ய வேண்டும் என்று குரு சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நாலரை மணிக்கு நான் 'ஆ' என்று அகாரம் பிடித்தால் லயம், அதாவது தோட்டத்து வரிசை வீடுகள், முழுவதும் எழுந்துவிடும். காலை வேலைக் கணக்கெடுப்பான பெரட்டுக்குப் போகிறவர்களின் கடைசி அரைமணி நேரத் தூக்கத்தைக் கெடுத்துத்தான் சங்கீதம் வளர வேண்டுமா? ஆள் இல்லாத நேரத்தில் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் போய்ப் பாடினேன். தகரச் சுவர் குரலைத் திருப்பித் தரும். பிழை இருந்தால் பிழையையும் சேர்த்தே தரும்.

ஆனால் பாட்டு எனக்கு குருவிடமிருந்து தொடங்கவில்லை. மார்கழி பிறந்தால் விடியுமுன்னே பஜனைக் கோஷ்டி லயம் லயமாகச் சுற்றிவரும். ஹார்மோனியத்தை ஒருவர் கழுத்தில் மாட்டியிருப்பார், பின்னால் பையன்கள் சிங்கி தட்டுவார்கள். மாசியில் காமன் கூத்து, சிவன் எரித்த மன்மதனின் கதை. கம்பம் ஊன்றிய நாளிலிருந்து காமன் எரிகிற இரவு வரைக்கும் ரதியும் மதனும் பாட்டிலேயே பேசிக்கொள்வார்கள், அழுவார்கள், சண்டையிடுவார்கள். வீட்டில் அப்பாயி. தாலாட்டும் ஒப்பாரியும் அவருக்கு ஒரே குரல்தான். தாளத்தை விட்டுவிட்டு நீட்டினால் ஒப்பாரி, தொட்டிலின் ஆட்டத்துக்கு ஒழுங்கு செய்தால் தாலாட்டு. இந்தப் பாட்டுகளைத் திரட்ட வேண்டும் என்று அக்கறைப்பட்டவர்களில் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். அவருக்கும் முன்னரே தொழிற்சங்கத் தலைவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் தொழிற்சங்க மேடைகளில் பாடினார். தொழிலாளரின் துயரத்தைத் தாமே பாட்டாக எழுதி அச்சிட்டும் கொடுத்தார். மலையகத்தில் பாட்டுக்கு ஒரு மேடை மரபு இருந்தது என்றால், என் கண்ணில் அது இதுதான். கச்சேரி சபா அதன் பிறகு வந்தது, வந்தும் நிலைக்கவில்லை.

சங்கீதத்தின் முதல் சுரப் பயிற்சியான சரளி வரிசையைச் சொல்லித் தந்தவர் எங்கள் பாடசாலைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வந்த ஒரு டீச்சர். வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகள் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1931இல் தொடங்கிய அந்தச் சபை இல்லாவிட்டால் இந்த நாட்டில் தமிழ்ப் பிள்ளைகள் படிப்படியாகச் சங்கீதம் கற்கிற வழக்கமே வேறு மாதிரி இருந்திருக்கும். ஒவ்வொரு தரமாக ஏறிக் கடைசியில் கலாவித்தகர் பட்டம். அந்த டீச்சர் என்னை இரண்டு படி ஏற்றிவிட்டு இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அடுத்தவர் வரும்வரை பஜனைக் கோஷ்டிதான் எனக்குப் பாடசாலை.

போரால் மூடிக்கிடந்த, யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை 2002இல் திறந்தது. அந்தத் திறப்பில் மலையேறிப் போகாமல் வடக்கு நோக்கிப் போன மலையகப் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் இறங்கிப் பையைத் திறந்து காட்டி, முகமாலையில் மறுபடியும் திறந்து காட்டி, புழுதியோடு மருதனார்மடத்தில் போய் இறங்கினேன். இராமநாதன் நுண்கலைக் கழகம் 1960இல் சங்கீத அகடமியாகத் தொடங்கியது. 1975இல் யாழ்ப்பாண வளாகத்தோடு இணைந்தது. தமிழகத்துப் பாடகர் மகாராஜபுரம் சந்தானம் அங்கே அதிபராக இருந்து சொல்லிக்கொடுத்த காலத்தைப் பற்றி மூத்தவர்கள் நேற்று நடந்ததைப் போலப் பேசுவார்கள். தஞ்சாவூர்ப் பாணி ஒன்று பனங்கூடலுக்குள் வந்து குடியேறிய கதை அது.

அங்கே எனக்குக் கிடைத்த பயிற்சி திடமானது, அதற்கு நன்றி குறையாது. பேச்சுத்தான் கொஞ்ச நாள் தொந்தரவு கொடுத்தது. நான் வாய் திறந்தாலே "தோட்டத்துப் பிள்ளையோ?" என்று கேட்பார்கள். பாட வாய் திறந்தால் கேட்க மாட்டார்கள். ஆகவே பாடிக்கொண்டே இருந்தேன். 2006 ஆகஸ்டில் பாதை மறுபடி மூடப்படுவதற்கு முன்னால் நுண்கலைமாணிப் பட்டத்தோடு மலைக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த சில ஆண்டுகள் மேடை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிற கூட்டத்துக்கு நடுவில் பாடியிருக்கிறேன். கண்டியிலும் கொழும்பிலும் பாடியிருக்கிறேன். கொழும்பில் ஒரு மண்டபத்தில் என்னை அறிமுகம் செய்தவர், மலையகத்திலிருந்து இப்படி ஒரு குரலா என்று வியந்தார். சபை கைதட்டியது. எனக்கு அந்த வியப்புப் பிடிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவும் இல்லை, ஏனென்றால் அடுத்த கச்சேரிக்கும் அவர்தான் ஏற்பாட்டாளர்.

அப்பாவுக்கு நான் பாடுவதில் பெருமை இருந்தது, கவலையும் இருந்தது. "பாட்டு நல்லதுதான் பாப்பா, மாதம் முடிந்தால் என்ன வருகிறது?" என்பார். ஆசிரியர் நியமனக் கடிதம் வந்த அன்று அவர் தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனார். எனக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. நியமனம் என்பது தோல்விக்குக் கிடைக்கிற ஓய்வூதியம் என்று எங்கள் படிப்பில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த நினைப்பு ஆறாம் தரத்து வகுப்பில் முதல் வாரமே ஆட்டம் கண்டது.

ஆறாம் தரத்தில் ஒரு பிள்ளை அழகியற் பாடமாகச் சித்திரம், சங்கீதம், நடனம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலும் தெரிவு என்று ஒன்று இருப்பதில்லை. எந்த ஆசிரியர் இருக்கிறாரோ அந்தப் பாடம். நான் போய்ச் சேர்ந்ததால் அந்த வகுப்பு முழுவதும் சங்கீத வகுப்பாகிவிட்டது. பாட ஆசைப்பட்ட பிள்ளை, வரைய ஆசைப்பட்ட பிள்ளை, ஒன்றுக்கும் ஆசைப்படாத பிள்ளை எல்லாரும் என் முன்னால். மாயாமாளவகௌளை ராகம், ஆதி தாளம், சரளி வரிசை. நான் பாடினேன், அவர்கள் திருப்பிப் பாடினார்கள். 'ரி' என்கிற ரிஷபம் கூரையில் நின்றது.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ச, ரி, க, ம, ப என்பவை சட்ஜம், ரிஷபம், காந்தாரம், மத்தியமம், பஞ்சமம். அந்த ராகத்தில் சட்ஜத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையில் உள்ள தூரம் மிகக் குறைவு. அங்கிருந்து அந்தர காந்தாரத்துக்குப் பெரிய தாவல். பிறகு மறுபடி ஒரு குறுகிய அடி வைத்தால் மத்தியமம். மேற்பாதியிலும் பஞ்சமத்திலிருந்து இதே அளவுகள்தான் திரும்பி வருகின்றன. புரந்தரதாசர் காலத்திலிருந்து தொடக்கப் பாடத்துக்கு இதையே வைத்திருப்பதற்கு இந்த ஒழுங்கு ஒரு நல்ல காரணம். ஆனால் புதிதாகப் பாடுகிற தொண்டை குறுகிய அடியை அகல வைக்கும், அகன்ற அடியைக் குறுக வைக்கும். ரிஷபம் ஏறும், காந்தாரம் இறங்கும். இது எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் வருகிற கோளாறு.

அதைத் திருத்த எனக்குத் தெரியவில்லை. காரணம் எளிது: எனக்கு அந்தக் கோளாறு எப்போது போனது என்றே ஞாபகம் இல்லை. கச்சேரிப் பயிற்சி ஒரு விஷயத்தைக் கையில் ஏற்றிய மறுகணமே அது ஏறிய வழியை மறைத்துவிடுகிறது. மேடைக்கு அது நல்லது. பாடும்போது ரிஷபம் எங்கே என்று தேடிக்கொண்டிருக்க முடியாது. சொல்லிக்கொடுக்கிறவர் அந்த வழியைத் திரும்பத் தோண்டி எடுக்க வேண்டும். நான் செய்தது, காந்தாரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, சட்ஜத்தையும் ரிஷபத்தையும் மட்டும் கொட்டாவி வரும்வரை நீட்டிப் பாட வைத்தது. பிறகு மத்தியமத்தையும் காந்தாரத்தையும் மேலிருந்து கீழாக. இரண்டு ஜோடியும் காதில் உட்கார்ந்த பிறகு நடுவில் உள்ள தாவல் தானாக அகன்றது. இதை எந்தப் பாடநூலிலும் படிக்கவில்லை. கண்டுபிடிப்பு என்றும் சொல்லமாட்டேன்; நல்ல ஆசிரியர்கள் எல்லாரும் ஏதோ ஒரு வடிவில் செய்வதுதான்.

சுருதிக் கணக்கும் அப்படித்தான். ஒருவர் எந்த உயரத்தில் சட்ஜத்தை வைத்துப் பாடுகிறார் என்பதற்குக் கட்டைதான் அளவு. என் குரலுக்கு ஐந்து கட்டை. மேடையில் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை, பாடகியின் கட்டைதான் சட்டம். ஆனால் பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்கு என் கீழ் ஷட்ஜம் வெறும் காற்றாகத்தான் வரும். ஆறு கட்டைக்கு ஏற்றினால் அவர்கள் குரல் மலருகிறது. என் குரல் மேல் ஸ்தாயியில் திணறுகிறது. எத்தனையோ வகுப்புகளில் பிள்ளைகள் ஆசிரியரின் வசதியான கட்டையில் முனகிக்கொண்டிருப்பதை இப்போதும் பார்க்கிறேன். "மலையகப் பிள்ளைகளுக்குக் குரல் எழும்பவில்லை" என்று அறிக்கையும் எழுதுகிறார்கள். மாலையில் ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்கு ஆட்டுக்குட்டியைக் கூப்பிடுகிற பிள்ளைக்கா குரல் எழும்பவில்லை?

எட்டாம், ஒன்பதாம் தரத்துப் பையன்கள் தனிக் கதை. குரல் உடைகிற வயது. நேற்றுவரை முன் வரிசையில் பாடியவன் இன்றைக்கு வாயை மூடிக்கொள்வான்; வாய் திறந்தால் இரண்டு குரல் வருகிறது, பெண் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் சங்கீதத்தை விட்டுவிடுகிற பையன்கள் ஏராளம். எங்கள் படிப்பில் இதைப் பற்றி ஒரு பாடவேளைகூடப் பேசப்படவில்லை என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். நான் அவர்களை ஓரமாக உட்காரவைத்துத் தாளத்தைக் கொடுத்தேன், கஞ்சிராவைக் கொடுத்தேன், ஒருவனிடம் அவன் அப்பாவின் தப்பைக் கொண்டுவரச் சொன்னேன். குரல் கீழே போய் நிலைத்த பிறகு ஒன்று, ஒன்றரைக் கட்டையில் திரும்ப வரவழைத்தேன். தப்பு வகுப்புக்குள் வந்ததில் பாடசாலை அதிபருக்கு விருப்பமில்லை. சாவுக்கு அடிக்கிற வாத்தியம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் என்ன செய்கிறது என்று கேட்டார். சாவுக்கு மட்டுமா அடிக்கிறார்கள், சாமிக்கும் அடிக்கிறார்கள், காமனுக்கும் அடிக்கிறார்கள், ஒரு காலத்தில் வேலைக்கு எழுப்பவும் அடித்தார்கள் என்றேன். தப்பை அடிக்கிறவர்கள் எந்தச் சாதி என்பதுதான் உண்மையான கேள்வி என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அதை இரண்டு பேரும் வாயில் எடுக்கவில்லை. தப்பு இருந்தது.

தகரக் கூரையைப் பற்றிச் சொல்லாமல் மலையகத்துச் சங்கீத வகுப்பைப் பற்றி எழுத முடியாது. தென்மேற்குப் பருவமழை மே மாதம் தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் பாடவேளைகளை வானம்தான் தீர்மானிக்கும். நல்ல மழையில் கூரை போடுகிற சத்தத்தில் மின்சாரச் சுருதிப் பெட்டியும் காணாமல் போகும், நானும் காணாமல் போவேன். அந்த நேரத்துக்கு என்று தாளப் பாடங்களை ஒதுக்கி வைத்தேன். தாளம் கண்ணுக்குத் தெரிகிற சங்கீதம். தட்டும் வீச்சும் விரலெண்ணிக்கையும் மழையில் மறைவதில்லை. ஆதி, ரூபகம், ஏழு அட்சரத்து மிஸ்ர சாபு எல்லாம் மழைக்காலத்தில் படித்தவை. எங்கள் பிள்ளைகளுக்கு மூன்று மூன்றாக ஓடுகிற திஸ்ர நடை வீட்டிலேயே வந்துவிடுகிறது, கூத்துப் பாட்டு பெரும்பாலும் அதில்தான் நடக்கிறது. நாலு நாலாக நிற்பதுதான் அவர்களுக்குப் பாடம்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. பாடத்திட்டம் தோட்டத்துப் பிள்ளையை வெற்றுப் பலகையாக நினைத்து எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு ராகத்தின் பெயர் தெரியாது; ராகம் தெரியும். ஆனந்தபைரவி, புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி போன்றவை நாட்டார் மெட்டுகளோடு நெருங்கிய உறவுள்ளவை என்று இசையறிஞர்கள் நீண்ட காலமாகச் சொல்லிவருகிறார்கள். அவற்றில் நாதநாமக்கிரியை மாயாமாளவகௌளையின் அதே சுரங்களைக் கொண்டது. 'நி' என்கிற நிஷாதத்தோடு நின்றுவிடுகிற ராகம். மேல் ஷட்ஜத்தை எட்டிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. எங்கள் பஜனைக் கோஷ்டி பாடுகிற ஒரு மெட்டில் அதன் சாயல் அப்படியே இருக்கிறது. ஒரு நாள் சரளி வரிசையை நிறுத்திவிட்டு அந்த மெட்டை எடுத்தேன். வகுப்பு முழுவதும் பாடியது. ரிஷபம் அதன் இடத்தில் நின்றது! யாரும் சொல்லிக்கொடுக்காமலே நின்றது. பாடி முடித்ததும், "இப்போது நீங்கள் பாடியதில் இரண்டாவது சுரம் எது?" என்று கேட்டு, அதையே பிடித்துக்கொண்டு சரளிக்குத் திரும்பினோம்.

அதற்குப் பிறகு இதுவே என் முறையாகிவிட்டது. காதில் ஏற்கெனவே உள்ளதை எடு, அதற்குள் சுரத்தைத் தேடு, பிறகு வரிசைக்குப் போ. கதிர்காமத்துக்கு நடந்துபோகிற குடும்பத்துப் பிள்ளைக்குத் திருப்புகழின் சந்தம் தெரியும், அதில் தாளக் கணக்குச் சொல்லலாம். அருணகிரிநாதர் கதிர்காமத்தையே பாடியிருக்கிறார். கோயிலில் பஞ்சபுராணம் ஓதக் கேட்ட பிள்ளைக்கு விருத்தம் பாடுவது என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

யாழ்ப்பாணத்தில் கூடப் படித்த தோழி ஒருத்தி இதைக் கேட்டுவிட்டு, "நீ சாஸ்திரிய சங்கீதத்தை நாட்டுப் பாடலாக்குகிறாய்" என்றாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. மெட்டோடு நின்றுவிட்டால் பிள்ளை வர்ணம் என்கிற பெரிய உருப்படிக்கு வந்து சேராது. சுரத்தை அசைத்துப் பாடுகிற கமகம் வேண்டும், அகாரம் வேண்டும், மூன்று காலத்தில் வரிசை வேண்டும். அவற்றுக்குக் குறுக்கு வழி இல்லை. பிள்ளையின் வாசலிலிருந்து புறப்படலாம் என்றுதான் சொல்கிறேன். வர்ணம் வரை நடக்கத்தான் வேண்டும்.

மேடையிலிருந்து வகுப்புக்குப் போன பெரியவர்களும் உண்டு. பெரிய பாடகரான முசிறி சுப்பிரமணிய ஐயர் உடல்நலம் காரணமாக 1940களில் கச்சேரிகளிலிருந்து விலகினார். 1949இல் சென்னையில் அரசு மத்திய கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். மணி கிருஷ்ணசாமியும் சுகுணா புருஷோத்தமனும் அவருடைய சிட்சையில் வந்தவர்கள். அவர் பாடிய காலத்தை எல்லாரும் பேசுகிறார்கள். சொல்லிக்கொடுத்த காலம் அதைவிடக் குறைந்ததில்லை என்பது என் கட்சி. பெரிய ஆட்களோடு என்னை ஒப்பிடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். கேட்கத் தெரிந்த ஊரில், தேர்ந்தெடுத்து வந்த மாணவர்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்கு வாய்த்தது வேறு.

பரீட்சைகளைப் பற்றி எனக்குக் கலப்படமான அபிப்பிராயம். தரச் சான்றிதழ்கள் இல்லாவிட்டால் எங்கள் பெற்றோர் பிள்ளைகளைச் சங்கீதத்துக்கு அனுப்பவே மாட்டார்கள். கையில் ஒரு கடதாசி, அதில் ஒரு முத்திரை, அதனால் நாளைக்கு ஒரு நியமனம். இதை நான் இகழமாட்டேன். என் அப்பாவின் கவலைக்குப் பதில் கிடைத்ததும் அப்படி ஒரு கடதாசியால்தான். ஆனால் செய்முறைப் பரீட்சை நெருங்கினால் பாடசாலைகளில் நடப்பது மனப்பாடம். எந்தெந்தக் கீதம், எந்த வர்ணத்தின் முற்பாதி என்று பட்டியல் போட்டு, அதை மட்டும் கிளிப்பிள்ளையாக ஏற்றுகிறார்கள். ஒரு முறை மேற்பார்வைக்குப் போன இடத்தில் ஒரு மாணவி மோகனத்தில் கீதம் பிழையில்லாமல் பாடினாள். அதே மோகனத்தில் வேறொரு வரியை நான் முணுமுணுத்து இது என்ன ராகம் என்றதும் அழுதுவிட்டாள். அவளுக்கு அதிவிசேட சித்தி கிடைத்தது என்று பிறகு அறிந்தேன். தமிழ்த்தினப் போட்டி மாதங்களிலும் இதே கூத்துத்தான்: வலயத்தில் முதலிடம், மாகாணத்தில் முதலிடம் என்று ஒரே பிள்ளையை ஒரே பாட்டோடு இழுத்துக்கொண்டு அலைவார்கள். மிச்சப் பிள்ளைகள் அந்த மாதங்களில் கணிதம் படிப்பார்கள், ஏனென்றால் சங்கீதப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கடன் கொடுப்பது எங்கள் பாடசாலைகளின் எழுதாத சட்டம். கடனைத் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

பிறகு ஆசிரிய ஆலோசகராக்கினார்கள். அதாவது பஸ்ஸில் ஏறி வெவ்வேறு பாடசாலைகளுக்குப் போய் மற்ற ஆசிரியர்களின் வகுப்பைப் பார்க்கிற வேலை. பொகவந்தலாவைப் பக்கம், மஸ்கெலியாப் பக்கம் எல்லாம் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். திறமைக்குப் பஞ்சமில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லிவிட்டு வான் வண்டியில் ஏறிப் போய்விடுகிறார்கள். நான் கண்ட குறை அடுத்த படியில் ஆசிரியர் இல்லாதது. ஒரு பிள்ளை ஆறாம் தரத்தில் ஒருவரிடம் தொடங்கும், அவர் ஊருக்கு மாற்றம் பெற்றுப் போவார், இரண்டு வருடம் வெற்றிடம், பிறகு வருகிறவர் மறுபடி சரளியிலிருந்து தொடங்குவார். இப்படிச் சரளியையே மூன்று ஆசிரியர்களிடம் படித்துவிட்டு வர்ணத்தைக் காணாமல் வெளியேறிய பிள்ளைகள் உண்டு. வெளியூரிலிருந்து வருகிற ஆசிரியர்களைக் குறை சொல்ல மாட்டேன். குளிரிலும் தனிமையிலும் அவர்கள் பட்டது எனக்குத் தெரியும், என் முதல் டீச்சரே அப்படி வந்தவர்தான். இங்கேயே பிறந்தவர்கள் ஆசிரியராக வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி மற்றப் பாடங்களில் அந்த மாற்றத்தைப் பெருமளவு செய்து காட்டியிருக்கிறது. சங்கீதத்தில் அது மெதுவாக நடக்கிறது. என்னிடம் படித்தவர்களில் சிலர் இப்போது சுருதிப் பெட்டியோடு வகுப்புக்குள் நிற்கிறார்கள்; கட்டையை ஏற்றினார்களா என்று போனில் விசாரிப்பேன்.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது இணையவழி வகுப்பு என்றார்கள். சிக்னல் கிடைக்கிற மேட்டில் பிள்ளைகள் ஏறி நின்றார்கள். சேர்ந்து பாடுவது நடக்கவில்லை. ஒருவர் குரல் மற்றவருக்குப் போய்ச் சேரும் முன்னால் தாளம் ஓர் அட்சரம் நகர்ந்துவிடுகிறது. கணிதத்துக்கு அது பெரிய விஷயமில்லை, எங்களுக்கு அதுதான் விஷயம். கடைசியில் குரல் பதிவுகளாக அனுப்பச் சொன்னேன். என் பாடத்தைக் கேட்டு அவர்கள் பாடி அனுப்ப, ஒவ்வொன்றாகத் திருத்தி அனுப்பினேன். வகுப்பில் நாற்பது குரலுக்குள் ஒளிந்திருந்த பிள்ளைகளைத் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. அந்தப் பழக்கத்தை மட்டும் இன்றுவரை வைத்திருக்கிறேன். பதிவுகளில் பின்னணியில் சேவல், குழந்தை அழுகை, தொலைக்காட்சி நாடகம். சில பதிவுகளில் பாட்டி சேர்ந்து பாடுவதும் கேட்கும். அந்தப் பாட்டிகளில் சிலருக்குச் சுருதி பேரப்பிள்ளையைவிடச் சுத்தம்.

அங்கிருந்துதான் இப்போது செய்துகொண்டிருக்கிற வேலை வந்தது. பஜனை மெட்டுகளையும் காமன் கூத்துப் பாட்டுகளின் மெட்டுகளையும் சுரப்படுத்தி, ஆறாம், ஏழாம் தரத்து ஆசிரியர்கள் வகுப்பில் பயன்படுத்துவதற்கு ஒரு கையேடு எழுதுகிறேன். ஒவ்வொரு மெட்டுக்கும் எந்தக் கட்டையில் தொடங்கலாம், எந்தச் சுரத்துக்கு அது நல்ல பயிற்சி, எந்த வரிசைக்கு அதிலிருந்து போகலாம் என்று குறிப்பு. பாதி முடிந்திருக்கிறது. ரதி புலம்பலில் ஒரு மெட்டு என்னைத் தடுத்து வைத்திருக்கிறது. அதன் காந்தாரம் தாழ்ந்த சாதாரண காந்தாரமும் இல்லை, உயர்ந்த அந்தர காந்தாரமும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் அசையாமல் நிற்கிறது. பாடியவர் தவறிவிட்டார் என்று ஒதுக்கலாம் என்றால், மூன்று தோட்டங்களில் மூன்று பேர் அதே இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். சுரக் குறியீட்டில் எந்தக் காந்தாரத்தை எழுதினாலும் பிள்ளைகள் அதைப் பார்த்துப் பாடும்போது மெட்டு வேறாகிவிடும். காந்தாரத்துக்கு மேல் ஒரு சுழி போட்டு, பதிவைக் கேட்டுப் பாடவும் என்று அடிக்குறிப்பு எழுதலாமா என்று பார்க்கிறேன். மாசியில் லிந்துலைப் பக்கம் கம்பம் ஊன்றுகிறார்கள். ரதி வேடக்காரரிடம் அந்த வரியை மட்டும் மெதுவாகப் பாடித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.